பெற்றோர் வகுப்பு

எங்கள் வீட்டில் பால் பாக்கெட் வருவதற்கு முன்பே அந்த வசனம் வந்துவிடும். "நான் படற பாடு உனக்கு எங்க தெரியப்போவுது?" அப்பா பல் விளக்கிக்கொண்டே, வாயில் பேஸ்ட் நுரையோடு சொல்வார். நான் பாஸானாலும் சொல்வார், ஃபெயிலானாலும் சொல்வார். ரிமோட் காணாமல் போனாலும் அதேதான்.

அப்பா பெயர் மாதையன். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இருபத்துமூன்று வருடமாக மூட்டை தூக்குகிறவர். அவர் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு எனக்கு அது ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஓடுவதே தெரியாது.

அதைத் தெரியவைக்கவும் ஒரு மெஷின் வந்தது.

பிளஸ் டூ முடித்த வருடம் மருத்துவ நுழைவுத் தேர்வில் எனக்குப் பாதி மார்க்குகூட வரவில்லை. பி.காம். சேர்கிறேன், கணக்குதான் எனக்கு வருகிறது என்றேன். "கணக்கு எழுதறவனுக்கு மண்டியில என்ன மரியாதைனு நான் பாக்காததா?" என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. ராசிபுரம் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே நாலு மாடியாக நின்றது உச்சி அகாடமி. தோற்றவர்களை ஒரு வருடம் வைத்துப் பூட்டி மறுபடி எழுதவைக்கும் இடம். அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

சேர்க்கிற அன்றைக்கு தினகர் என்கிற ஆள் மேஜைமேல் இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தார். கறுப்பு ரப்பர், விரல் அகலம்.

"இது என்னங்க, பெல்ட்டா?" என்றார் அப்பா.

"பதிவுப் பட்டைங்க. ஒன்னு கழுத்துல, ஒன்னு இடுப்புல. கட்டிக்கிட்டு நீங்க எப்பவும்போல வேலைக்குப் போங்க. ஒருநாள் பூரா உங்க உடம்பு என்னென்ன உணருதோ அத்தனையும் இதுல ஏறிடும். வலி, சூடு, தாகம், மூச்சு வாங்கறது எல்லாம். அதை அப்படியே உங்க பொண்ணு உடம்புல இறக்கிடுவோம்."

"எதுக்குங்க?"

"ஞாயித்துக்கிழமை டெஸ்ட்ல எழுநூத்தி இருபதுக்கு அறுநூறுக்குக் கீழ போனா நாப்பது நிமிஷம். பெற்றோர் வகுப்புனு பேரு. நாங்க அடிக்கிறதில்லீங்க, திட்டறதில்ல. அப்பா அம்மா படற கஷ்டம் புள்ளைக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

அம்மாவுக்குத்தான் பயம். "புள்ள உடம்புக்கு எதும் ஆயிடாதுங்களே?"

"ஒரு கீறல் விழாதுங்கம்மா. வலிக்கும். ஆனா அடிபடாது."

அப்பா என் பக்கம் திரும்பினார். பதினேழு வருடம் தொண்டை கிழியக் கத்தியவன் கையில் மைக் கொடுத்தால் எப்படி இருப்பானோ, அப்படி இருந்தது அவர் முகம்.

மூன்றாவது வாரம் என் முறை வந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத நீள அறை. பல் டாக்டர் நாற்காலிகள் மாதிரி பன்னிரண்டு. பக்கத்து நாற்காலியில் பெருந்துறைப் பெண் ஒருத்தி; அவள் அம்மா சாயப்பட்டறையில் வேலை செய்பவள். பட்டை கட்டிய ஐந்தாவது நிமிடத்தில் அவள் கையை உதறிக்கொண்டு, "எரியுது, எரியுது" என்று அழ ஆரம்பித்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மூட்டை என் தலையில் இறங்கியது.

நான்தான் பயந்தேன். அந்த உடம்பு பயப்படவில்லை. கழுத்து தானாக நிமிர்ந்தது. இடுப்பு ஒருபக்கம் ஒடிந்து எடையை வாங்கிக் காலுக்கு அனுப்பியது. லாரிக்குச் சாய்த்த பலகை மேலே எழும்பும்போது கால் ஊன்றியது, தாழும்போது அடுத்த கால் போனது. பலகையும் காலும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி. வலி இல்லாமல் இல்லை. ஆனால் அது வளர்த்த நாய் மாதிரி காலடியில் சுருண்டு கிடந்தது. இறக்கிவிட்டுத் திரும்பும்போது உடம்பில் காற்றுப் புகுந்தது போல ஒரு லேசு. டீ தொண்டையில் இறங்கியது. பட்டையில் காது கிடையாது, யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு குலுங்கி மேலே வந்தது. அப்பாவோடு மூட்டை தூக்குகிற கோவிந்தன் மாமா ஏதாவது அசிங்கமாகச் சொல்லியிருப்பார்.

இந்த ஆளை நான் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் அடுத்த பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். தினகரும் பார்த்தார்.

புதன்கிழமை அப்பாவை வரச்சொல்லிவிட்டார்கள். அரைநாள் வேலையை விட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு வந்தார். நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து என்னை முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"முப்பத்தொன்னுங்க," என்றார் தினகர்.

"எதுலங்க? கெமிஸ்ட்ரியா?"

"பொண்ணோட மார்க் இல்லீங்க. உங்களோடது."

அப்பாவுக்குப் புரியவில்லை.

"பதிவுல எவ்வளவு கஷ்டம் இருக்குதுனு மெஷினே நூத்துக்கு மார்க் போட்டுடும். முப்பத்தஞ்சாவது வந்தாதான் புள்ளைக்கு உறைக்கும். உங்களுக்கு முப்பத்தொன்னு."

"ஃபெயிலுங்களா?"

தினகர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "உங்க உடம்பு பழகிடுச்சுங்க. நரம்பு மரத்துப்போச்சு. அம்பது கிலோவைத் தூக்கி வெச்சாலும் மூளைக்குப் போற சேதி ரொம்பக் கம்மி. போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர் கட்டிக்கிட்டுப் போனார், அவருக்கு அம்பத்தெட்டு."

"பேங்க்ல அவரு என்னத்தைத் தூக்கறாரு?"

"ஒன்னும் தூக்கலை. அல்சர். மேலிடத்துல இருந்து ஃபோன் வந்தாலே நெஞ்சு படபடங்குதாம்."

அப்பா இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தார். காய்த்து, மஞ்சளித்து, கோணி உராய்ந்து ரேகையே இல்லாத கைகள். "இதைப் பாருங்க தம்பி."

"பாக்கறங்க. எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியலையே. அதுவுமில்லாம உங்க பொண்ணு சிரிச்சிக்கிட்டே வெளிய வந்துச்சு. மத்த புள்ளைங்க பாத்துட்டாங்க. நாளைக்கு யாரு பயப்படுவாங்க, சொல்லுங்க?"

அப்பா கைகளை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆளிடம் இருந்த ஒரே சொத்து அவர் பட்ட பாடுதான். அதைத்தான் எடைபோட்டு, குறைகிறது என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவை எழுதலாங்களா?" என்றார். எழுதலாமா என்றுதான் கேட்டார். தோற்றுப்போன பிள்ளை மாதிரியே.

வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"சிரிச்சியா?"

"கஷ்டமா இல்லப்பா. நல்லா இருந்துச்சு." பாராட்டாகத்தான் சொன்னேன்.

"நல்லா இருந்துச்சா? இருபத்துமூணு வருஷம் நாய் மாதிரி ஒழைக்கிறேன், உனக்கு நல்லா இருந்துச்சா?"

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் யாருக்கு வாய் மூடும்? "அங்க நீங்க சந்தோஷமாத்தானப்பா இருக்கீங்க. வீட்டுக்கு வந்தாதான் கஷ்டம் கஷ்டம்னு கத்தறீங்க."

அந்த வாய்க்கு அவர் என்னை அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். இன்னும் இரண்டு பட்டைகளை வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதற்கடுத்த பரீட்சையில் எனக்கு ஐந்நூற்று நாற்பத்தெட்டு. புதுப் பதிவு வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து, பழைய நடைக்குக் காத்திருந்தேன். டீக்கும் அந்தச் சிரிப்புக்கும்கூட என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூட்டை விழுந்ததுமே தெரிந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பிலிருந்து அப்பாவுக்குச் சும்மாடு சுற்றித் தருவது என் வேலை. பழைய துண்டை நனைத்துப் பிழிந்து, மூன்று சுற்று முறுக்கி, நுனியை உள்ளே செருகி, என் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். அது இல்லாமல் மண்டியில் எவனும் ஒரு மூட்டைகூடத் தொடமாட்டான். தலையில் ஆரம்பித்துப் பிடரி வரைக்கும் மூட்டை உட்காருகிற மெத்தை அது. முதல் பதிவில் அந்த ஈரக் குளிர்ச்சியை உச்சந்தலையில் உணர்ந்தேன்.

இந்தப் பதிவில் அது இல்லை. மூட்டையின் தைத்த வாய், சணல் முடிச்சோடு, பிடரி எலும்பின் மேல் நேராக இறங்கியது. ஆணி அடித்த மாதிரி. அந்த உடம்பு ஒரு கணம் திகைத்தது. அதற்கே புரியவில்லை, இருபத்துமூன்று வருடமாக இருந்தது எங்கே போயிற்று என்று. கழுத்து இடதுபக்கம் ஒதுங்கப் பார்த்தது. அவர் விடவில்லை. இரண்டாவது மூட்டை. மூன்றாவது. நாலாவதில் வலது தோள்பட்டைக்குக் கீழே ஏதோ துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. ஏழாவதில் பலகையும் காலும் தப்பி, இடது குதிகால் பலகை விளிம்பில் போய் இடித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது, தண்ணிகூடக் குடிக்கவில்லை. டீ இல்லை. வயிற்றிலிருந்து எதுவும் குலுங்கவில்லை.

என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் போட்டார்கள்.

அப்பாவுக்குத் தொண்ணூற்று நான்கு. அகாடமி ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. பெற்றோர் தினத்தில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, 'சிறந்த பெற்றோர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே நாலு பக்கத் தாளில் கையெழுத்து கேட்டார்கள். அப்பா ஒரு வரி படிக்கவில்லை, நாலு பக்கத்திலும் போட்டார். கைதட்டல் நிற்பதற்குள் போட்டு முடித்துவிட்டார்.

அன்று மதியம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவரைத் தனியாகப் பிடித்தேன். சான்றிதழைச் சுருட்டாமல், மடங்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா சும்மாடு வைக்கல?"

"வெச்சனே."

"பொய் சொல்லாதீங்கப்பா. எனக்குத் தெரியும்."

திரும்பினார். கழுத்து மட்டும் திரும்பவில்லை. தோளும் கழுத்தும் ஒன்றாகத் திரும்பின. தலை இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. "உன்னை யாரு சிரிக்கச் சொன்னா?"

"அதுக்குனு?"

"தொண்ணூத்திநாலு பாப்பா. இந்தக் கட்டடத்துல ஒருத்தன் எடுக்கல. பேங்க் மேனேஜரு எடுக்கல. நான் எடுத்துக் காட்டிட்டேன். இப்ப நீ எடு."

"காப்பியடிச்சு எடுத்த மார்க்குப்பா அது."

சான்றிதழை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை ஓங்கினார். தோளுக்கு மேலே அது எழும்பவில்லை. பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்புறம் கை தானாகக் கீழே இறங்கியது. அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் இரண்டு பேரும் தொட்டிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வருடம் பதினோரு தடவை அந்தப் பதிவில் உட்கார்ந்தேன். பிடரி, தோள்பட்டை, குதிகால். வரிசை மனப்பாடம். உயிரியல்தான் மனப்பாடம் ஆகவில்லை. ஜனவரியில் பெருந்துறைப் பெண் வந்து சொன்னாள்: "எங்கம்மாவோடது நாப்பதுதான், பத்தலைன்னு இப்ப பதினாலாம் நம்பர் பதிவைப் போடறாங்கடி. யாரோ மூட்டைக்காரனோடது. செத்துட்டேன்." பாதி ஹாஸ்டலுக்கு என் அப்பாவுடைய பதிவைத்தான் போட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட நாலு பக்கத்தில் அதுவும் இருந்திருக்கும். அவள் தோளைப் பிடித்துவிட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை.

ரிசல்ட் வந்தபோது ஐந்நூற்று மூன்று. எந்தக் கல்லூரியும் எட்டிப்பார்க்காத மார்க். தபாலில் பி.காம். முடித்தேன். இப்போது லாரி எடைமேடையில் பில் போடுகிறேன். அப்பா அந்தப் பெற்றோர் தினத்துக்கப்புறம் மூட்டை தூக்கவே இல்லை. அதே மண்டியில் கேட் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிற லாரியைப் பார்ப்பார், வெளியே வருகிற லாரியைப் பார்ப்பார். வீட்டுக் கூடத்தில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. எங்கள் வீட்டில் தொங்குகிற ஒரே சான்றிதழ் அது.

ஏழு வருடம் கழித்து, போன மாதம், அவருக்குக் கை மரத்துப்போய் டம்ளர் நழுவ ஆரம்பித்தது. வரமாட்டேன் என்றவரை அரசு ஆஸ்பத்திரி எலும்பு வார்டுக்கு இழுத்துப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை. உள்ளே இருந்தவர் சின்ன வயது, என் வயதுதான் இருக்கும். சட்டைப்பையில் டாக்டர் நவநீத் என்று எழுதியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"என்ன பண்ணுது ஐயா?"

"ஒன்னுமில்லீங்க டாக்டர் தம்பி. வயசாயிருச்சு, அவ்வளவுதான். இவதான் சும்மா இழுத்துட்டு வந்துட்டா."

"என்ன வேலை?"

"மூட்டை தூக்கிட்டிருந்தங்க."

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து அப்பாவுக்குப் பின்னால் வந்தார். சட்டையை இறக்கச் சொன்னார். எங்கே வலிக்கிறது என்று கேட்கவே இல்லை. கட்டைவிரலை நேராகப் பிடரி எலும்பின் மேல் வைத்து அழுத்தினார். "ஐயோ சாமி!" என்றார் அப்பா. அடுத்து வலது தோள்பட்டைக்குக் கீழே, அதே இடம். அப்பா ஸ்டூலை விட்டு எம்பினார். அப்புறம் குனிந்து இடது செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலின் வெளிப்பக்கத்தைத் தொட்டார்.

கழுத்து வலிக்காரனுக்கு எந்த டாக்டரும் குதிகாலைத் தொடமாட்டார். நிமிர்ந்தவரைச் சரியாகப் பார்த்தேன். தலை இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. என் தலையும் அப்படித்தான் சாய்ந்திருக்கும் என்று கண்ணாடி பார்க்கிற எனக்குத் தெரியும். அப்பா தலை எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே தெரியும்.

நர்ஸ் அப்பாவைத் திரைக்கு அந்தப் பக்கம் பிரஷர் பார்க்கக் கூட்டிப் போனபோது மெதுவாகக் கேட்டேன். "உச்சி அகாடமியா சார்?"

அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். அப்புறம் என் கழுத்தைப் பார்த்தார். "நீங்களுமா? எந்த நம்பர்?"

"பதினாலு."

"எல்லாருக்கும் பதினாலுதான்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "எங்கப்பா ஆடிட்டர். அவருக்கு இருபத்தியாறுதான் வந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு இதைப் போடச் சொல்லிட்டார். முப்பத்திரண்டு தடவைங்க. சீட்டு கிடைச்சிது, இல்லேங்கல. ஆனா இப்பவும் மழை வந்தா இந்த எடம் கொல்லுது. ஸ்கேன் எடுத்தா சுத்தமா இருக்கு, ஒன்னுமே இல்ல. இல்லாத அடிக்கு என்ன மாத்திரை எழுதறது?"

நான் என் பிடரியைத் தடவிக்கொண்டேன்.

"எங்கப்பாவைக்கூட மன்னிச்சிட்டேன். அந்த மூட்டைக்காரன் இருக்கான் பாருங்க, அவன் மட்டும் ஒருநாள் என் கைல கெடைச்சான்னா..." என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் சீட்டை எடுத்து வயதை இன்னொரு தடவை படித்தார்.

அப்பா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார். மேல் பட்டனுக்குக் கை எட்டவில்லை, நான் போட்டுவிட்டேன்.

"ஐயா," என்றார் டாக்டர். குரல் ஒருமாதிரி இருந்தது. "மூட்டை தூக்கறப்ப... தலைக்கும் பிடரிக்கும் எதுவும் வைக்காமலா தூக்குவீங்க? சும்மாவேவா?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படிங்க தம்பி? சும்மாடு வைக்காம எவன் தூக்குவான்? பிடரி ஒடைஞ்சுபோயிடுமே! எம்பொண்ணு கையால சுத்திக் குடுப்பா, ஒருநாள் வைக்காம இருந்ததில்ல. அதில்லாம தூக்கறவன் பைத்தியக்காரனாத்தான் இருக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். கண்ணால் ஜாடை காட்டியிருந்தால்கூடப் போதும். தரையைப் பார்த்தேன். தரையில் பினாயில் காய்ந்த கோடு இருந்தது.

"அப்ப சரி," என்றார் அவர். மூச்சு விட்டார். உட்கார்ந்து மாத்திரை எழுதினார். ஸ்கேனுக்கு எழுதினார். அப்பா ஒரு கையால் கும்பிட்டார். இன்னொரு கை எழும்பவில்லை.

வெளியே மருந்து வரிசையில் நின்றோம். அப்பா முகத்தில் வெகுநாளாகப் பார்க்காத வெளிச்சம்.

"பாத்தியா பாப்பா? நான் வாயே தொறக்கல. வந்தான், வெரலை வெச்சான், புடிச்சிட்டான். குதிகாலைக்கூட விடல. அதான் படிப்பு."

"ஆமாப்பா."

"பெத்தவங்க படற கஷ்டம் தெரிஞ்சு வளந்த புள்ள. மூஞ்சியிலயே தெரியுது." வரிசை ஓரடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். "நீயும் அன்னைக்குக் கொஞ்சம் மனசு வெச்சிருந்தீன்னா, இந்நேரம் அந்த நாற்காலியில உக்காந்திருப்ப."

கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பு மொத்தத்தையும் திருப்பி, அந்த அறைக் கதவை இன்னொரு தடவை ஆசையோடு பார்த்தார்.